படகு காயும் கல்

வர்க்கா தீவின் மடத்தில் வருடத்துக்கு ஒருமுறை புத்தகம் வாசிக்கிறார்கள். மழை ஓய்ந்து கரையெல்லாம் மஞ்சள் பூப் பூக்கிற மாதத்தில், அவர்களுடைய பெரிய திருநாளன்று. வாசிக்கிறவனுக்குத் தொண்டை பெரிது. தண்ணீருக்கு மேலே குரல் நன்றாகப் போகும் என்பது அவனுக்குத் தெரியும். கேட்க விருப்பம் இல்லாதவர்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

‘ஆதியில் இந்த ஏரியில் பேய்கள் மட்டுமே குடியிருந்தன’ என்று ஆரம்பிக்கிறது புத்தகம். பேய்கள் என்றால் நாங்கள்தான். அப்போது இங்கே வேறு யாரும் இல்லை.

ஏரி எப்படி வந்தது என்று எங்களைக் கேட்டால் நாங்களும் ஒரு கதை சொல்வோம். முதல் நீர்யானைக்கு உடம்பு அரித்தது. படுத்துப் புரண்டது. பள்ளம் விழுந்தது. மழை பெய்து நிறைந்தது. அவ்வளவுதான். நம்பினால் நம்பு, நம்பாவிட்டால் போ. நம்பச் சொல்லி, மடத்துக்காரர்கள் மாதிரி கல்லைத் தொங்கவிட்டு மணியாக நாங்கள் யார் காதிலும் தட்டுவதில்லை.

புத்தகம் அதோடு விடுகிறதா? பேய்கள் நிறைந்த ஏரிக்கரைக்கு அப்பா ஹப்தே வந்தாராம். படகு இல்லையாம். கரையில் கிடந்த கருங்கல்லைப் பார்த்து, “எழுந்திரு” என்றாராம். கல் எழுந்து தண்ணீரில் மிதந்ததாம். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, கால் விரல்கூட நனையாமல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாராம். பேய்கள் அலறின என்று அந்த இடத்தில் வாசிக்கிறவன் குரலை உயர்த்துவான். அன்று அலறியது யார் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் ஜெம்பெரே. வொய்த்தோ சாதி. தானா ஏரியில் கோரை அறுத்துப் படகு கட்டுகிறவர்கள், நீர்யானை வேட்டையாடித் தின்கிறவர்கள். நீர்யானை தின்கிறோம் என்பதற்காகக் கரையில் பார்லி விதைக்கிற கிறிஸ்தவர்கள் நாங்கள் தொட்ட சுரைக்குடுவையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஆனால் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் எங்கள் படகில்தான் உட்காருவார்கள். உட்காருகிற இடத்துக்கு மட்டும் தீட்டு இல்லை போலிருக்கிறது.

துறவிகளை இந்தப் பக்கத்தில் ‘அப்பா’ என்று சொல்ல வேண்டும். கல்யாணமே பண்ணாதவனுக்கு அப்பா என்று பட்டம். போகட்டும், நான் பட்டத்தை மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் என்னிடம் மரியாதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஹப்தே வந்த அன்று என் நாத்தனாருக்குக் கல்யாணம் முடிந்து மறுநாள். எங்கள் ஆண்கள் பதினோரு பேரும் தெல்லா குடித்துவிட்டுக் கரை முழுக்கக் கிடந்தார்கள். பார்லியில் காய்ச்சுகிற அந்தக் கள்ளை நாத்தனார் வீட்டில் மூன்று பானை வைத்திருந்தார்கள், மூன்றும் காலி. என் புருஷன் தெஸ்ஸோ சேற்றில் தலைகுப்புறக் கிடந்தான். ஒரு கோழி அவன் முதுகில் ஏறி இறங்கிப் போயிற்று. அவனுக்குத் தெரியவில்லை.

நெட்டையாக, எலும்பும் தோலுமாக, ஆட்டுத்தோல் போர்த்துக்கொண்டு வந்து நின்றான் ஹப்தே. கையில் ஒரு கோல், தோளில் ஒரு பை.

“ஆம்பளைங்க யாரும் இல்லையா?” என்று வானத்தைப் பார்த்துக் கேட்டான். பெண்ணிடம் பேசும்போது அவனுக்கு வானம்தான் துணை.

“இருக்காங்களே, பதினோரு பேரு. எழுப்பிப் பாருங்க.”

தெஸ்ஸோவைக் கோலால் இரண்டு தடவை குத்திப் பார்த்தான். “நாளைக்கு, நாளைக்கு” என்று சொல்லிவிட்டு தெஸ்ஸோ புரண்டு படுத்துக்கொண்டான்.

உச்சிவெயில் ஏறும்வரை ஹப்தே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் வெயில் ஜெயித்தது.

“நீயே கொண்டுபோய் விடு. ஆனா என் முகத்தைப் பாக்கக் கூடாது.”

“அந்த மூஞ்சியில என்ன இருக்குன்னு பாக்கப் போறேன்? முன்னால ஏறி உக்காருங்க. முதுகைத்தான் பாத்துக்கிட்டு வரணும், என் தலையெழுத்து.”

பாதி தூரம் போவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தான். முதல் முறை கொண்டைக்கடலை, அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் சத்தம் மட்டும். அந்தக் கலவரத்தில் பையைக் கை தவறி ஏரியில் விட்டான். அதில்தான் அவன் வறுத்த பார்லி மாவு முழுவதும் இருந்தது. பக்கத்தில் ஒரு நீர்யானை காதை ஆட்டிக்கொண்டு தலை தூக்கியது. எதுவும் செய்யவில்லை, சும்மா பார்த்தது. இவன் அலறிக்கொண்டு பின்னால் தாவி இரண்டு கையாலும் என் காலைக் கட்டிக்கொண்டான். புத்தகத்தில் வருகிற அலறல் அதுதான். தீவு வரும்வரை காலை விடவே இல்லை. ஒரு காலில் நின்றுகொண்டு கழி தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று புத்தகம் எழுதினவனுக்குத் தெரியுமா?

தீவின் மேற்குப் பக்கத்தில் எங்கள் கல் இருந்தது. ஆறு ஆள் நீளத்துக்குக் கருங்கல். நடுவில் லேசாகக் குழிந்து, இரண்டு முனையும் தூக்கியிருக்கும். அதைத்தான் இந்தக் கதை சுற்றிச் சுற்றி வரப் போகிறது, அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோரைப்படகு தண்ணீர் குடிக்கும். இரண்டு நாள் ஓட்டினால் ஒரு நாள் காயவேண்டும். கரைப் பக்கம் முழுக்கச் சேறு. சேற்றில் போட்டால் மேலே காயும், அடியில் அழுகும். இந்தக் கல்லோ வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். குழிவின் வழியாகப் படகுக்கு அடியில் காற்று போகும். காலையில் போட்ட படகு சாயங்காலத்துக்குள் மொரமொரவென்று ஆகிவிடும். கல் இருந்தால் ஒரு படகு நாலு மாதம் உழைக்கும். கல் இல்லாவிட்டால் ஒன்றரை மாதம், அதிலும் பாதி நாள் இடுப்புவரை ஈரம். என் மாமியார் காலத்துக்கும் முன்னாலிருந்து எங்கள் பன்னிரண்டு குடும்பமும் பிழைத்தது அந்தக் கல்லால்தான்.

ஹப்தே இறங்கும்போது பாசியில் வழுக்கினான். போர்வையைப் பிடித்து நான்தான் தூக்கிவிட்டேன். மாவும் போய்விட்டது, பசியில் முகம் வெளுத்துக் கிடந்தது. பாவமாக இருந்தது. இடுப்பில் முடிந்து வைத்திருந்த வற்றலைக் கொடுத்தேன்.

“என்னது இது?”

“மீனு.”

“இவ்வளவு கனமான மீனா?”

“பெரிய மீனு.”

முழுவதும் தின்றான். விரலையும் நக்கினான். “கடவுளோட தண்ணியில என்னென்ன ருசி” என்றான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். அது மீன் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வயிறு நிறைந்ததும் அவனுக்கு மனசும் நிறைந்தது. கல்லில் காய்ந்துகொண்டிருந்த எங்கள் மூன்று படகுகளைப் பார்த்தான்.

“இந்தக் கல்லு உங்களோடதா?”

“எங்களோடதுதான். இது இல்லன்னா நாங்க இல்ல.”

“உங்களோடதாவே இருக்கட்டும், மகளே. என் கழுத்துல தலை இருக்கிறவரைக்கும் உங்க படகை இங்கேருந்து எடுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

அது மெலிந்த கழுத்து. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் மூன்று சீடர்கள் வந்தார்கள், நாலாம் வருடம் இருபது பேர். எல்லாரையும் கொண்டுபோய் விட்டது நாங்கள்தான். வட்டமாக ஒரு கோயில் கட்டினார்கள். புல் வேய எங்கள் கோரைதான் போயிற்று. பிறகு சட்டம் போட ஆரம்பித்தார்கள். தீவில் பெண் கால் வைக்கக் கூடாது. சரி, எங்களுக்கு என்ன அங்கே விருந்தா வைத்திருந்தார்கள்? அப்புறம் பசு கூடாது, பெண் ஆடு கூடாது, பெட்டைக் கோழி கூடாது என்றார்கள். சேவல் மட்டும் இருக்கலாமாம். இருபது ஆண்களும் ஏழு சேவல்களும் ஒரு தீவில். காலையில் யார் முதலில் கூவுகிறார்கள் என்று கரையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் வந்தபிறகு ஆண்களைத் தீவுக்கு அனுப்பிப் படகைக் காயவைத்தோம். அதுவரைகூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஸெனா வந்த பிறகு.

ஸெனா அவர்களுடைய எழுத்துக்காரன். தோல் பதப்படுத்தி, கோடு கிழித்து, கரிமையில் எழுதுகிறவன். கை நன்றாக இருக்கும் என்பார்கள். மடம் என்றால் அதற்கு ஒரு ஆரம்பக் கதை வேண்டும், கதையில் ஒரு அற்புதம் வேண்டும் என்பது அவன் கணக்கு. வாந்தியும் வற்றலும் அற்புதமாகுமா? தீவைச் சுற்றி வந்தான். எங்கள் கல்லைப் பார்த்தான். இரண்டு முனையும் தூக்கியிருக்கிறது, நடுவில் குழிந்திருக்கிறது. அவனுக்குப் பொறி தட்டியது.

மறுவாரம் தெஸ்ஸோ படகைக் காயவைக்கப் போனபோது கல்லைச் சுற்றி முள்வேலி இருந்தது. மேலே சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். தெஸ்ஸோ திரும்பி வந்து விழித்துக்கொண்டு நின்றான். நான் படகை எடுத்துக்கொண்டு போனேன். தீவில் கால் வைக்கவில்லை. படகிலேயே நின்றுகொண்டு கத்தினேன். ஸெனா வந்தான். பின்னால் ஹப்தேயும் வந்தான்.

“யாருய்யா எங்க கல்லுக்குத் துணி கட்டினது? அதுக்கென்ன குளிருதா?”

“வாயை அடக்கிப் பேசு. அப்பா ஏறி வந்த கல்லு இது” என்றான் ஸெனா.

“ஏறி வந்ததா? என் காலைக் கட்டிக்கிட்டு வந்த ஆளு இவர். இவரையே கேளு! அப்பா, நீங்களே சொல்லுங்க. எதுல வந்தீங்க?”

ஹப்தே கோலின் நுனியைப் பார்த்தான். பிறகு சேவலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“கடவுளோட கிருபையில வந்தேன்” என்றான்.

அந்த நிமிஷம் அவன் மேல் வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை. பொய் சொல்கிறவனையாவது ஆள் என்று சொல்லலாம். ஸெனா ஒரு ஆள். இவன் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. வழவழவென்று நடுவில் நின்றான். அவன் கழுத்தில் தலை அப்படியே இருந்தது, வாக்குதான் போயிற்று.

அன்றிலிருந்து எங்கள் படகுகள் சேற்றில் காய்ந்தன. காய்ந்தன என்பது பேச்சுக்கு. முதல் இரண்டு மாதத்திலேயே ஒன்பது படகு அடி அழுகிப் பிரிந்தது. என் கொழுந்தன் வேட்டைக்குப் போன இடத்தில் படகு இரண்டாகப் பிளந்தது. ஈட்டியையும் வலையையும் விட்டுவிட்டு நீந்தி வந்தான். மூன்று குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஆபாய் ஆறு புறப்படுகிற பக்கம் போய்விட்டது. இன்னும் ஒரு மழைக்காலம் போனால் மற்றவர்களும் போக வேண்டியதுதான் என்று தெஸ்ஸோ புலம்ப ஆரம்பித்தான். எனக்கு இரவும் பகலும் அந்தக் கல்தான் கண்ணில் நின்றது.

எங்களைத் துரத்தியபிறகு துறவிகளே இரண்டு படகு வைத்துக்கொண்டார்கள். ஒன்று போகிற குடும்பத்திடம் வாங்கியது, இன்னொன்று அவர்களே கட்டியது. இரண்டையும் எங்கே வைத்தார்கள் தெரியுமா? தண்ணீரிலேயே. கோவேறு கழுதையைக் கட்டுகிறமாதிரி கரையில் முளை அடித்துக் கயிற்றால் கட்டி வைத்தார்கள். கழுதை நின்றால் நிற்கும். கோரைப்படகு நின்றால் குடித்துக்கொண்டே இருக்கும். தினம் கடந்து போகும்போது பார்த்தேன். முதல் வாரம் ஒரு சாண் வெளியே தெரிந்தது, மூன்றாம் வாரம் நாலு விரல். மனசு கேட்கவில்லை. ஸெனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“உங்க படகைத் தூக்கிக் காய வை. இல்லன்னா ஒருநாள் உங்களைக் கேக்காம உள்ள போயிடும்.”

“எங்க தூக்கி வைக்க? புனிதக் கல்லு மேலயா?”

“எங்கயோ வை. மரத்துல சாத்து.”

“நீர்யானை திங்கிறவகிட்ட நாங்க பாடம் படிக்கணும்னு விதிச்சிருந்தா, கடவுள் உன்னை ஆம்பளையா படைச்சிருப்பாரு” என்றான்.

“சரிப்பா. நல்லா இரு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அரண்மனையிலிருந்து ஒரு பாதிரி வருகிறார் என்று கரையெல்லாம் பேச்சு அடிபட்டது. கோயிலின் உயிர் அதன் பீடப்பலகையில் இருக்கிறது என்பார்கள். அது இல்லாவிட்டால் கோயில் வெறும் கூரைதான். அந்தப் பலகையைக் கையோடு கொண்டு வந்து, அற்புதம் உண்மைதானா என்று விசாரித்து, உண்மையென்றால் பலகையைக் கொடுத்து, தீவையும் மடத்துக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். ஹப்தேயும் ஸெனாவும் எதிர்கொண்டு அழைக்கக் கரைக்கு வந்தார்கள், தங்கள் சொந்தப் படகில்.

நானும் தெஸ்ஸோவும் மீன் வலையை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் இருந்தோம். தற்செயல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் படகைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் போயிருந்தேன்.

கரையை விட்டுக் கிளம்பும்போது நாலு பேர் ஏறினார்கள். முன்னால் கழி தள்ள ஒரு துறவி. நடுவில் பாதிரி, நல்ல பருமன், சரிகை வைத்த குடையோடு. அவருக்குப் பக்கத்தில் ஹப்தே. பின்னால் ஸெனா, தலைமேல் ஏழு துணி சுற்றிய பலகையோடு. கழி தள்ளுகிறவன் பாட்டு வேறு பாடினான். பாதி தூரத்தில் பாட்டு நின்றது.

கோரைப்படகு மரப்படகு மாதிரி கவிழாது, மடாரென்று மூழ்காது. ஊறினால் மெதுவாக, மரியாதையாக இறங்கும். முதலில் முழங்கால் நனைந்தது. பிறகு இடுப்பு. பிறகு நாலு பேரும் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறமாதிரி ஆயிற்று. படகே வெளியில் தெரியவில்லை. நாலு தலையும் ஒரு குடையும் ஒரு பலகையும் மட்டும் ஏரியின் நடுவில் இருந்தன. நான் சிரித்த சிரிப்பில் எங்கள் படகே ஆடியது. தெஸ்ஸோ என் தோளைப் பிடித்து, “ஏய், சாகப் போறானுங்கடி!” என்றான். அது உண்மைதான். கழியை எடுத்தேன்.

நாங்கள் நெருங்கியதும் ஸெனா கத்தினான்.

“அவ வரக் கூடாது! தெஸ்ஸோ மட்டும் வரட்டும்!”

“அவ இல்லாம நான் எப்படிய்யா வருவேன்? படகு அவளோடது” என்றான் தெஸ்ஸோ.

மார்வரை தண்ணீரில் இருந்த பாதிரி ஸெனாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹப்தேயைப் பார்த்தார்.

“ஏன் அப்பா, அந்தக் கல்லைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். இப்ப வந்தா உதவியா இருக்கும்.”

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹப்தேயின் உதடு நீலமாக இருந்தது. பாதிரி என் பக்கம் திரும்பினார்.

“வராதா? சரி. அம்மா, நீ வாம்மா. யாரா இருந்தா என்ன, தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கு.”

ஒவ்வொருவராக இழுத்துப் போட்டோம். ஸெனா ஏறும்போது, “பலகையைப் பாக்காதே, திரும்பிக்கோ!” என்று கத்தினான்.

“நான் திரும்பினா படகும் திரும்பும். அப்புறம் உன் இஷ்டம்” என்றேன். வாயை மூடிக்கொண்டு ஏறினான்.

ஹப்தே கடைசியாக ஏறினான். ஏறியதும் பழக்கதோஷமோ என்னவோ, கை என் கால் பக்கம் வந்தது. பாதியில் இழுத்துக்கொண்டான்.

தீவின் மேற்குக் கரையில், கல்லுக்கு எதிரே படகை நிறுத்தினேன். இறங்கவில்லை. சிவப்புத் துணி வெயிலில் வெளுத்திருந்தது. பாதிரி ஈரம் சொட்டச் சொட்ட இறங்கி, கல்லைத் தடவிப் பார்த்து, குனிந்து முத்தமிட்டு, மூக்கைச் சுளித்தார்.

“மீன் வாசனை அடிக்குதே.”

“கடல் தாண்டி வந்த மகிமை” என்றான் ஸெனா. ஏரியைக் கடல் ஆக்கிவிட்டான், ஈரத் துணியில் நடுங்கிக்கொண்டே.

பாதிரி ஒரு வேரில் உட்கார்ந்தார். “இதுக்குச் சாட்சி யாரு? துறவி பாத்தேன்னு சொன்னா ராஜா சிரிப்பார். வெளியாள் வேணும். இல்லன்னா பலகையை நான் திருப்பி எடுத்துக்கிட்டுப் போறேன். இந்தத் தீவை வடகரை மடத்துக்கு எழுதிட வேண்டியதுதான். அவங்க நூறு பேரு, கூடவே வேலி போட ஆளு, காவலுக்கு ஆளு.”

ஸெனா மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பேய் என்று எழுதின கை, வாய் பேசாமல் கும்பிட்டது.

எனக்கு ஒரு வாக்கியம் போதும். ‘என் காலைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான்’ என்று சொன்னால் முடிந்தது. ஆறு மாதமாக நான் இதற்குத்தான் ஆசைப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் நூறு பேர் நின்றார்கள், வேலியோடும் காவலோடும். அவர்கள் யாருக்கும் என் வற்றல் ருசி தெரியாது. இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நிற்கிற இந்த இருபது பயந்தாங்கொள்ளிகள். இவர்களையாவது எனக்கு மிரட்டத் தெரியும். பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தேன். சேற்றில் எங்கள் படகுகள் கறுத்துக் கிடந்தன.

“நான் பாத்தேன்” என்றேன்.

தெஸ்ஸோ, “என்னடி?” என்றான். அவன் காலை மிதித்தேன்.

“கல்லு மிதந்து வந்துச்சு. மேல இவர் நின்னாரு. காலு நனையல. கரை சேந்ததும் ஒரு வார்த்தை சொன்னாரு, அதையும் எழுதணும். ‘இந்தக் கல்லு தண்ணியில வந்தது. வொய்த்தோ படகு இது மேல காயிறவரைக்கும் இங்க இருக்கும். என்னிக்கு அவங்க படகு இதுல ஏறலையோ, அன்னிக்குக் கல்லு மறுபடி தண்ணிக்குள்ள போயிடும், மடமும் அது பின்னாலயே போகும்’ அப்படின்னாரு.”

ஸெனாவுக்கு இருமல் வந்தது. பாதிரி ஹப்தேயைப் பார்த்தார்.

“அப்படிச் சொன்னீங்களா, அப்பா?”

ஹப்தே வழக்கம்போலக் கோலின் நுனியைப் பார்க்கப் போனான். கோல் ஏரிக்குள் போயிருந்தது. வேறு வழியில்லாமல் என் முகத்தைப் பார்த்தான், முதல் தடவையாக.

“சொன்னீங்கல்ல, அப்பா?” என்றேன். “நான் குடுத்த அந்தப் பெரிய மீனைச் சாப்பிட்டுக்கிட்டே சொன்னீங்களே. அது என்ன மீனுன்னு இவர்கிட்ட சொல்லட்டுமா?”

அவனுக்கு அந்தக் கணம்தான் புரிந்தது. முகம் சாம்பலாயிற்று.

“சொன்னேன், சொன்னேன்” என்றான் அவசரமாக. “அப்படியே சொன்னேன். எழுதிக்கோ, ஸெனா.”

பாதிரி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு ஈரத் துணியை மாற்ற வேண்டும், சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும், ராஜாவிடம் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டும். மூன்றும் இங்கேயே கிடைத்தன.

“நல்ல சாட்சி” என்றார். “எழுது.”

அப்போது ஸெனா நிமிர்ந்தான். தொண்டை சரியாகிவிட்டது போலிருக்கிறது. “எழுதறேன். ஆனா பொம்பளை சாட்சியை வேதப் புத்தகத்தோட வைக்கிற புத்தகத்துல எழுதற வழக்கம் இல்ல. படகு காயவைக்கவும் ஆம்பளைங்கதான் தீவுல இறங்கணும்.”

“அதுவும் சரிதான்” என்றார் பாதிரி. தும்மினார். “ஏம்மா, உன் புருஷன் பேரு என்ன?”

கழியைச் சேற்றில் அழுத்தி ஊன்றினேன்.

“தெஸ்ஸோ” என்றேன்.

இப்போது வருடம் பதினாறு ஆகிறது. கல் எங்களிடம் இருக்கிறது. வேலியைப் பிடுங்கிப்போட்டார்கள். தினம் மூன்று படகு அதன் மேல் காய்கிறது. ஒருநாள் படகு இல்லாவிட்டால் துறவிகளே பதறிப்போய்க் கரைக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஆபாய் பக்கம் போன குடும்பத்தில் இரண்டு திரும்பி வந்துவிட்டது. ஹப்தே செத்துப் புனிதராகிவிட்டான். எங்கள் ஆண்கள் படகைப் போடுவதற்கு முன்னால் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் தீவில் இறங்கக் கூடாது என்பதால் பத்து முழம் தள்ளிப் படகிலேயே நின்றுகொண்டு, “அடி மேல வர மாதிரிப் போடுங்கடா, முண்டங்களா!” என்று கத்துகிறேன். கேட்கிறார்களா? கண்ணில் ஒற்றிக்கொள்வதில்தான் கவனம்.

திருநாளன்று புத்தகம் வாசிக்கும்போது தெஸ்ஸோவுக்குத் துறவிகளோடு முன்வரிசையில் இடம். ‘அப்போது தெஸ்ஸோ என்னும் மீனவன் தன் கண்ணால் கண்டான்’ என்று வருகிறபோது எல்லாரும் திரும்பி அவனைப் பார்ப்பார்கள். முதல் சில வருடம் நெளிந்தான். அப்புறம் நெளியவில்லை. அப்புறம் கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான்: கல் எந்தப் பக்கம் சாய்ந்து வந்தது, அலை எப்படி விலகியது, அப்பாவின் போர்வை காற்றில் எப்படிப் பறந்தது என்று.

இந்த வருடத் திருநாள் முடிந்து, நான் படகு தள்ள, அவன் முன்னால் உட்கார்ந்து வந்தான். நடு ஏரியில் தீவைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“இன்னிக்கும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது, ஜெம்பெரே” என்றான். “ஆமா, நானும் கேக்கணும்னே இருந்தேன். கல்லு மிதந்து வந்த அன்னிக்கு நீ எங்கடி போயிருந்தே?”